கடலாமைகளும் கரையோர மக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலாமைப் பாதுகாப்பு என்றதும் உள்ளங்கையளவு குஞ்சுகள் அலையை நோக்கி ஓடும் காட்சிதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அந்தக் காட்சிக்கு முன்னும் பின்னும் நடக்கும் வேலையைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லியிருக்கிறோம். கரையில் வாழ்பவர்களுக்கு முடிவெடுக்கும் உரிமையும் வருமானத்தில் பங்கும் கிடைக்காத வரை எந்த ஆமைத் திட்டமும் நிலைப்பதில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. கேள்வி எங்கே தொடங்கினாலும் பதில்கள் அந்தப் பக்கமே சாய்வதைப் பார்ப்பீர்கள்.

உலகில் எத்தனை வகைக் கடலாமைகள் உள்ளன? எல்லாமே அழியும் நிலையில்தான் இருக்கின்றனவா?

ஏழு வகைகள். பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, பங்குனி ஆமை, தோணியாமை என்றும் அழைக்கப்படும் ஏழுவரி ஆமை ஆகிய ஐந்தும் பல பெருங்கடல்களில் வாழ்பவை. கெம்ப் ஆமை பெரும்பாலும் மெக்சிகோ வளைகுடாவிலும் வட அட்லாண்டிக்கிலும் காணப்படுகிறது. தட்டை ஓட்டு ஆமை ஆஸ்திரேலியக் கரைகளில் மட்டுமே முட்டையிடுகிறது.

எல்லாவற்றின் நிலையும் ஒன்றல்ல. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழுங்காமையும் கெம்ப் ஆமையும் மிக அபாயமான நிலையில் உள்ளன. கிழக்குப் பசிபிக்கில் ஏழுவரி ஆமைகள் 1980-களுக்குப் பிறகு 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டன. மறுபுறம், நெடுங்காலம் அழியும் அபாயப் பிரிவில் இருந்த பேராமை, 2025 அக்டோபரில் அந்தப் பிரிவிலிருந்து வெளியே எடுக்கப்பட்டது. உலக அளவில் அதன் எண்ணிக்கை கூடியிருக்கிறது. சில கரைகளில் பேராமை இன்னும் தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் முப்பது, நாற்பது ஆண்டுகள் விடாமல் காத்தால் பலன் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஒரே இரவில் நூறு முட்டைகளுக்கு மேல் இடும் உயிரினம் எப்படிக் குறையும்?

இந்தக் கேள்வியை முட்டை எடுப்பவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கண்ணெதிரே இத்தனை முட்டைகள் இருக்கும்போது பற்றாக்குறையை நம்புவது கடினம்.

பொரிந்து வரும் ஆயிரம் குஞ்சுகளில் ஏறக்குறைய ஒன்றுதான் வளர்ந்து முட்டையிடும் வயதை எட்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அந்த வயதும் சீக்கிரம் வருவதில்லை. பேராமைக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். சில கடல்களில் நாற்பதைக்கூடத் தாண்டும். ஆகவே இன்று ஒரு கரையின் முட்டைகளை முழுவதுமாக எடுத்தாலும் அடுத்த ஆண்டு ஆமைகள் வழக்கம்போல வரும். அதற்கு அடுத்த ஆண்டும் வரும். ஏற்கெனவே வளர்ந்த ஆமைகள் இருக்கும் வரை எதுவும் குறைந்ததாகத் தெரியாது.

மலேசியாவின் தெரெங்கானு மாநிலத்தில் ரந்தாவ் அபாங் கரையில் இதுதான் நடந்தது. 1950-களில் ஆண்டுக்குச் சுமார் 10,000 ஏழுவரி ஆமை முட்டைக் குழிகள் அங்கே இருந்தன. முட்டைகள் பல பத்தாண்டுகள் ஏறக்குறைய முழுமையாக எடுக்கப்பட்டன. வெளிக்கடலில் மீன்பிடி வலைகளும் பெரிய ஆமைகளைக் கொன்றன. 2000-களுக்குள் வருகை விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டது. சரிவு கண்ணுக்குத் தெரிந்தபோது, அதைத் திருப்பத் தேவையான இளம் ஆமைகள் கடலில் இல்லை.

அப்படியானால் முட்டைகளைக் காப்பாற்றினால் போதும் அல்லவா?

போதாது. பலரை இந்தப் பதில் ஏமாற்றத்துக்குள்ளாக்குகிறது, ஏனென்றால் முட்டைகளைக் காப்பதுதான் எளிதாகக் கைக்கு எட்டும் வேலை.

1987-இல் டெபோரா குரவுஸ், லாரி குரவுடர், ஹால் காஸ்வெல் என்ற மூன்று ஆய்வாளர்கள் பெருந்தலை ஆமைகளின் வாழ்க்கைப் பருவங்களைக் கணக்கிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எல்லா முட்டைகளையும் காப்பாற்றினால்கூட, வளர்ந்துவரும் பெரிய ஆமைகள் கடலில் தொடர்ந்து இறந்தால் எண்ணிக்கை உயராது என்று அந்தக் கணக்கு காட்டியது. அதுவரை கரையையே பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண்களை அது வலைகளின் பக்கம் திருப்பியது.

இறால் பிடிக்கும் இழுவை வலையில் சிக்கும் ஆமை, மூச்சுவிட மேலே வர முடியாமல் மூழ்கி இறக்கிறது. இதற்குத் தீர்வாக வந்ததுதான் ஆமை தப்பிக்கும் கருவி. வலையின் கழுத்துப் பகுதியில் சாய்வாகப் பொருத்தப்படும் கம்பிச் சட்டம் அது. கம்பிகளுக்கு நடுவே சுமார் 10 சென்டிமீட்டர் இடைவெளி. இறால் அதன் வழியே உள்ளே போய்விடும். ஆமை கம்பியில் மோதி, அருகிலுள்ள திறப்பு வழியே வெளியேறிவிடும். சரியாகப் பொருத்தினால் சிக்கும் ஆமைகளில் 97 சதவீதம் தப்பிக்கும்.

சரியாகப் பொருத்தினால் என்பதுதான் முக்கியம். பிடிபட்ட மீனும் அந்தத் திறப்பு வழியே போய்விடுகிறது என்று படகுக்காரர்கள் சொல்வதை வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிடக் கூடாது. கோணம் தவறினால், குப்பை அடைத்தால் உண்மையிலேயே இழப்பு ஏற்படும். கருவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போகும் திட்டங்களைவிட, படகில் கூடவே சென்று இழுத்துப் பார்த்து, மீனவர் சொல்லும் திருத்தத்தைச் செய்துதரும் திட்டங்கள்தான் வேரூன்றுகின்றன. செவுள் வலையிலும் இப்படியொரு முயற்சி நடந்தது. பெரு நாட்டின் செச்சுரா வளைகுடாவில் சிறு படகு மீனவர்களோடு சேர்ந்து வலைகளில் பச்சை விளக்குகளைக் கட்டிப் பார்த்தார்கள். பேராமைகள் சிக்குவது ஏறக்குறைய 64 சதவீதம் குறைந்தது, மீன்பாடு குறையவில்லை.

என் வலையில் ஆமை சிக்கி, அசையாமல் கிடக்கிறது. இறந்துவிட்டதா?

அசைவில்லை என்பதாலேயே இறந்துவிட்டதாக முடிவு செய்யாதீர்கள். நீரில் மூழ்கி மயங்கிய ஆமை பல மணி நேரம் கழித்துக்கூட எழும். அந்த நிலையில் கடலில் தூக்கிப் போட்டால்தான் உறுதியாக மூழ்கிச் சாகும்.

தளத்தில் வயிறு கீழே இருக்கும்படி வையுங்கள், மல்லாத்த வேண்டாம். பின்பகுதியை ஒரு சாண் அளவுக்கு உயர்த்தி வைத்தால் நுரையீரலில் புகுந்த நீர் வெளியேறும். நிழல் வேண்டும். ஈரத்துணியால் ஓட்டைப் போர்த்தலாம், மூக்கை மட்டும் மூடாதீர்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் வைக்கக் கூடாது. மார்பை அமுக்குவது, காலால் மிதிப்பது எதுவும் உதவாது. குறைந்தது 4 மணி நேரம், தேவைப்பட்டால் 24 மணி நேரம் வரை காத்திருங்கள். இடையிடையே கண் இமையோரம் அல்லது வாலை மெல்லத் தொட்டால் அசைவு தெரியலாம். தெளிந்ததும் இயந்திரத்தை நிறுத்தி, வலை இல்லாத இடத்தில், தலை முன்னே போகும்படி மெதுவாக நீரில் இறக்குங்கள்.

தூண்டில் முள் விழுங்கியிருந்தால், முள்ளில் கட்டிய தூண்டில் நரம்பை இழுத்து முள்ளைப் பிடுங்கப் பார்க்காதீர்கள். குடல் கிழிந்துவிடும். கூடிய வரை வாயருகே நரம்பை வெட்டுவதே பாதுகாப்பானது.

சட்டத்தைக் கடுமையாக்கிக் காவல் போட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?

சட்டம் கட்டாயம் தேவை. அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் எல்லாக் கடலாமைகளும் முதல் பட்டியலில் இருப்பதால்தான் அழுங்காமை ஓட்டு வியாபாரம் பெருமளவு குறைந்தது. ஆனால் சட்டம் மட்டும் ஒரு கரையில் இரவு முழுவதும் விழித்திருக்காது.

சாலமன் தீவுகளில் உள்ள அர்னாவோன் தீவுக்கூட்டத்தின் கதையை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அழுங்காமைகள் முட்டையிட வரும் முக்கியமான இடம் அது. அரசு முதலில் அதைச் சரணாலயமாக்கியபோது, அந்தத் தீவுகள் மீது மரபுரிமை கோரும் சமூகங்களின் ஒப்புதல் முறையாகப் பெறப்படவில்லை. 1982-இல் அங்கிருந்த அரசுக் கட்டடங்கள் தீவைத்துக் கொளுத்தப்பட்டன. திட்டம் அத்தோடு முடிந்தது. பிறகு பல ஆண்டுகள் பேச்சு நடந்து, கியா, கட்டுப்பிகா, வாகினா ஆகிய மூன்று சமூகங்களும் சேர்ந்து முடிவெடுக்கும் ஏற்பாடாக 1995-இல் அது மீண்டும் பிறந்தது. கண்காணிப்பாளர்கள் அந்தச் சமூகங்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 2012-க்குள் அழுங்காமைக் குழிகளின் எண்ணிக்கை இரு மடங்கானது. தீவும் ஆமையும் மாறவில்லை. யாரைக் கேட்டு முடிவு செய்தார்கள் என்பதுதான் மாறியது.

தடையின் சுமை யார் மேல் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒடிசாவில் பங்குனி ஆமைகள் லட்சக்கணக்கில் கூட்டமாக வரும் தாம்ரா, தேவி, ருசிகுல்யா கழிமுகங்களை ஒட்டிய கடலில் நவம்பர் 1 முதல் மே 31 வரை மீன்பிடிக்கத் தடை உண்டு. ஆமைக்கு அது உயிர்காக்கும் ஏற்பாடு. ஆனால் ஏழு மாதம் என்பது ஒரு மீனவக் குடும்பத்துக்கு எவ்வளவு நீளமானது என்று யோசித்துப் பாருங்கள். உலகம் முழுவதற்கும் சொந்தமான ஓர் உயிரைக் காக்கும் செலவை ஒரு சில ஊர்கள் மட்டும் சுமப்பது முறையல்ல. இழப்பீடும் மாற்று வருமானமும் பாதுகாப்புத் திட்டத்தின் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். சலுகைபோலக் கடைசியில் ஒட்டப்படக் கூடாது.

சமூகம் சார்ந்த பாதுகாப்பு என்றால் நடைமுறையில் என்ன செய்கிறார்கள்?

ஊருக்கு ஊர் வேறுபடும். டிரினிடாட் தீவின் மத்துரா கரையில் 1980-களில் முட்டையிட வந்த ஏழுவரி ஆமைகள் இறைச்சிக்காக வெட்டப்பட்டுக்கொண்டிருந்தன. 1990-இல் அந்தக் கரை தடைப் பகுதியாக அறிவிக்கப்பட்டதோடு, ஊர்மக்கள் நேச்சர் சீக்கர்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இரவுக் காவல், பார்வையாளருக்கு வழிகாட்டுதல், ஆமைகளுக்கு அடையாள வில்லை பொருத்துதல் எல்லாம் உள்ளூர்க்காரர்கள் கையில் வந்தன. கரையில் நடந்த கொலைகள் சில ஆண்டுகளிலேயே ஏறக்குறைய நின்றுபோயின.

கோஸ்டாரிகாவின் தோர்துகேரோவில் ஆர்ச்சி கார் என்ற விலங்கியலாளர் 1950-களில் ஆய்வைத் தொடங்கினார். 1975-இல் அங்கே தேசியப் பூங்கா உருவானது. ஆமை பிடித்துப் பிழைத்த ஊரில் இன்று பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் பார்வையாளர்களைச் சிறு குழுக்களாக அழைத்துப் போகிறார்கள். 1970-களின் தொடக்கத்துக்கும் 2000-களின் தொடக்கத்துக்கும் இடையே பேராமைக் குழிகள் அங்கே பல மடங்கு பெருகின.

பிரேசிலில் 1980-இல் தொடங்கிய தாமர் திட்டம், முன்பு ஆமை வேட்டையாடிய மீனவர்களையே சம்பளத்துக்கு அமர்த்தியது. அவர்களின் குடும்பத்துப் பெண்களுக்குத் தையல், கைவினை வேலைகள் கிடைத்தன. வேட்டைக்காரரை நம்பிக் காவல் கொடுக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். மணலில் உள்ள தடத்தைப் பார்த்தே எந்த ஆமை, எப்போது வந்தது, முட்டையிட்டதா, வெறுமனே திரும்பியதா என்று சொல்லக்கூடியவர் அவர். அந்த அறிவைப் புத்தகம் படித்து ஓர் ஆண்டில் பெற முடியாது.

ஒரு எச்சரிக்கை: சுற்றுலாவை மட்டும் நம்பாதீர்கள். 2020-இல் பெருந்தொற்று வந்தபோது பார்வையாளர் வருகை நின்றது. அதை மட்டும் நம்பியிருந்த கரைகளில் காவலுக்குக் கூலி கொடுக்க வழியில்லாமல் போனது. வருமானத்துக்கு இரண்டு, மூன்று ஊற்றுகளாவது வேண்டும்.

முட்டைகளை எடுத்து விற்க அனுமதி உள்ள ஊர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். இது முரண்பாடு இல்லையா?

கோஸ்டாரிகாவின் ஓஸ்தியோனால். அங்கே பங்குனி ஆமைகள் ஒரே நேரத்தில் பல்லாயிரமாகக் கரையேறுகின்றன. முதல் இரவுகளில் இடப்பட்ட முட்டைகளில் பெரும்பகுதியைப் பின்னால் வரும் ஆமைகளே தோண்டிச் சிதைத்துவிடும். வீணாகப் போகும் அந்த முட்டைகளில் ஒரு பகுதியை, ஒவ்வொரு கூட்ட வருகையின் முதல் 36 மணி நேரத்தில் மட்டும் எடுக்க 1987 முதல் ஊர்ச் சங்கத்துக்கு அனுமதி உண்டு. பதிலுக்கு ஊர்மக்கள் கரையைச் சுத்தம் செய்கிறார்கள், திருட்டைத் தடுக்கிறார்கள், குஞ்சுகள் வரும் நாட்களில் பறவைகளையும் நாய்களையும் விரட்டுகிறார்கள்.

இதை எல்லா இடத்துக்கும் பொருத்த முடியாது. ஆமைகள் தனித்தனியாக வந்து முட்டையிடும் கரையில் இப்படி அனுமதித்தால் ரந்தாவ் அபாங் கதைதான் திரும்பும். ஆனாலும் ஓஸ்தியோனாலை வெறுப்போடு பார்ப்பதில் பொருளில்லை. தங்கள் கரையின் இயல்பைப் புரிந்துகொண்டு விதி வகுத்து, அதைத் தாங்களே கடைப்பிடிக்கும் ஊர் அது.

முட்டைகளை வேறிடத்துக்கு மாற்றிப் பொரிக்க வைக்கும் பொரிப்பகம் அமைப்பது நல்லதா?

குழி இருக்கும் இடத்திலேயே காவல் காக்க முடிந்தால் அதுவே சிறந்தது. நாய், திருட்டு, அலை அரிப்பு ஆகியவற்றால் முட்டைகள் நிச்சயமாக அழியும் என்ற நிலையில் மட்டுமே இடம் மாற்ற வேண்டும்.

இடம் மாற்றுவதாக இருந்தால் வேகம் முக்கியம். முட்டையிட்ட சில மணி நேரத்தில் கரு, முட்டையின் மேற்புற உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு முட்டையை உருட்டினால், திருப்பினால் கரு இறந்துவிடும். எனவே இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள், குலுக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும். புதுக் குழியின் ஆழமும் வடிவமும் தாய் ஆமை தோண்டியதைப் போலவே இருக்க வேண்டும். அடியில் குடம்போல் அகன்று, கழுத்தில் குறுகி. குழிகளை நெருக்கக் கூடாது. ஆண்டுதோறும் அதே மணலைப் பயன்படுத்தினால் பூஞ்சையும் கிருமியும் பெருகும்.

மணலின் வெப்பமும் கவனிக்கப்பட வேண்டும். கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் சூடுதான். ஏறக்குறைய 29 டிகிரி செல்சியஸில் இரண்டும் கலந்து பிறக்கும். அதற்கு மேலே போகப் போகப் பெண் குஞ்சுகள் கூடும். இன்னும் சூடானால் முட்டைகளே வெந்துவிடும். வெயிலில் கிடக்கும் பொரிப்பகம் நல்லெண்ணத்தோடு ஆண்டுக்கணக்கில் பெண் குஞ்சுகளை மட்டும் பொரித்துக்கொண்டிருக்கலாம். நிழல் வலையும் ஒரு வெப்பமானியும் இல்லாமல் பொரிப்பகம் தொடங்காதீர்கள்.

புவி வெப்பமடைதல் இதைப் பாதிக்காதா?

ஏற்கெனவே பாதித்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடபகுதிக் கரைகளில் பிறந்த இளம் பேராமைகளில் 99 சதவீதத்துக்கும் மேல் பெண்கள் என்று 2018-இல் வெளியான ஆய்வு கண்டறிந்தது. கரையோர மரங்களைக் காப்பது, மணல் திட்டுகளைச் சிதைக்காமல் விடுவது போன்றவை ஓரளவு உதவும். மூலக் காரணத்தைக் கரையோர ஊர்கள் தனியாகத் தீர்க்க முடியாது.

குஞ்சுகளைத் தொட்டியில் கொஞ்சம் வளர்த்துப் பெரிதாக்கி விட்டால் அதிகம் பிழைக்குமே?

கேட்கச் சரியாகத் தோன்றும். ஆனால் மணலிலிருந்து வெளியே வந்த குஞ்சுக்கு வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருதான் எரிபொருள். அதை வைத்து ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் நிற்காமல் நீந்தி, ஆபத்தான கரையோரத்தைக் கடக்கிறது. தொட்டியில் போட்டால் அந்த வேகமெல்லாம் சுவரில் மோதியே தீர்ந்துவிடும். மறுநாள் சுற்றுலாப் பயணிகள் முன்னிலையில் பகலில் விடப்படும் குஞ்சு சோர்ந்துபோயிருக்கும். மேலே பறவைகளும் காத்திருக்கும். வெளிவந்த உடனே, இருட்டில், மணலில் தானாக நடந்து போகும்படி விடுங்கள். ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் தினமும் விட்டால் மீன்கள் அங்கே வந்து காத்திருக்கப் பழகிவிடும். இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.

இரவில் கரையில் நடக்கும்போது ஆமையைக் கண்டால்?

நின்றுவிடுங்கள். விளக்கை அணையுங்கள். நீரிலிருந்து ஏறி வரும் ஆமை மிகவும் மிரளும். சின்ன வெளிச்சம் போதும், முட்டையிடாமலே திரும்பிவிடும். முட்டையிடத் தொடங்கிய பிறகு சற்றுப் பின்னால், அதன் கண்ணில் படாமல் இருந்து பார்க்கலாம். பிளாஷ் வெளிச்சத்தில் படம் எடுக்க வேண்டாம். தொடுவதும் மேலே உட்காருவதும் கொடுமை. உள்ளூர்க் காவல் குழு இருந்தால் தகவல் சொல்லுங்கள். இடத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள்.

விளக்குகளால் அவ்வளவு பிரச்சினையா?

ஆம். குஞ்சுகள் வெளிச்சமான தொடுவானத்தை நோக்கிப் போகப் பிறந்தவை. இயற்கையில் அது கடல். தெருவிளக்கும் விடுதி விளக்கும் அதைவிடப் பிரகாசமாக இருந்தால் குஞ்சுகள் சாலைக்கு வந்துவிடும். ருசிகுல்யாவில் வழிதவறிய குஞ்சுகளை ஊர் இளைஞர்கள் சேகரித்துக் கடல் பக்கம் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். இதற்குப் பெரிய செலவு தேவையில்லை: தேவையில்லாத விளக்கை அணைக்கலாம், கடல் பக்கம் மறைப்பு வைக்கலாம், விளக்கைத் தாழ்வாக அமைக்கலாம், வெள்ளைக்குப் பதில் செம்மஞ்சள் நிற எல்.இ.டி. போடலாம். இவ்வளவு எளிதான காரியம் இத்தனை கரைகளில் இன்னும் நடக்காமல் இருப்பது வருத்தமாக இருக்கிறது.

பிளாஸ்டிக் உண்மையிலேயே ஆமைகளைக் கொல்கிறதா?

கொல்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரே ஒரு துண்டு விழுங்கிய ஆமை அதனால் இறக்க 22 சதவீதம் வாய்ப்பு உண்டு. 14 துண்டுகள் என்றால் 50 சதவீதம். ஏழுவரி ஆமை சொறிமீன் தின்று வாழ்வது. மிதக்கும் பை அதற்குச் சொறிமீனாகவே தெரியும். அறுந்துபோன வலைத் துண்டுகளும் அதே அளவு கவலைக்குரியவை. பழைய வலைகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு துறைமுகத்திலேயே இருந்தால் அவை கடலில் வீசப்படுவது குறையும்.

பள்ளிகளில் எப்படித் தொடங்குவது? படம் காட்டிப் பேசினால் போதுமா?

ஒரு மணி நேரப் பேச்சு கைதட்டலோடு முடியும். அடுத்த வாரம் மறந்துபோகும். எது நிலைக்கிறது என்றால், பிள்ளைகளுக்கு ஒரு வேலையும் ஒரு பொறுப்பும் கொடுப்பது. கரையில் குழிகளை எண்ணிப் பதிவேட்டில் எழுதட்டும். மணலின் வெப்பத்தைத் தினமும் அளக்கட்டும். பொரிந்த பின் முட்டை ஓடுகளை எண்ணி எத்தனை குஞ்சுகள் வெளியே வந்தன என்று அவர்களே கணக்கிடட்டும். தாங்கள் எழுதிய எண் உண்மையான ஆவணத்தில் சேர்கிறது என்று தெரிந்தால் பிள்ளைகள் காட்டும் கவனம் வேறு மாதிரி இருக்கும்.

ஒரு தனி ஆமையின் பயணமும் நன்றாக வேலை செய்யும். 1996-இல் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் அடெலிட்டா என்ற பெருந்தலை ஆமை செயற்கைக்கோள் கருவியோடு விடப்பட்டது. 368 நாட்களில் 11,500 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி ஜப்பானை அடைந்தது. பசிபிக்கின் இரு கரைகளும் ஒரே ஆமையின் வீடு என்பது அன்று மீனவர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. ஒரு வரைபடத்தில் அந்தக் கோட்டைப் பிள்ளைகளே வரையட்டும்.

மூத்த மீனவர்களை வகுப்புக்கு அழையுங்கள், ஆசிரியர்களாக. முன்பு எத்தனை ஆமைகள் வந்தன, எந்தக் காற்றுக்கு வந்தன, எப்போது குறைந்தன என்பது அவர்கள் நினைவில் இருக்கிறது. கினி பிசாவுவின் போய்லாவோ தீவு, பிஜாகோஸ் மக்களுக்குப் புனிதமானது. யார் வேண்டுமானாலும் போய்வர முடியாத அந்த மரபு காத்த கரை இன்று ஆப்பிரிக்காவின் மிக முக்கியமான பேராமைக் கரைகளில் ஒன்று. ஒரு சமூகத்திடம் ஏற்கெனவே இருக்கும் மரியாதையைத் தேடிக் கண்டுபிடிப்பது கல்வித் திட்டத்தின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

ஒன்றைத் தவிர்த்துவிடுங்கள்: ஆமை பிடிப்பவரின் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது ஆமை பிடிப்பவரைக் குற்றவாளியாகச் சித்திரிப்பது. அந்தப் பிள்ளையையும் இழப்போம், அந்த வீட்டையும் இழப்போம்.

ஆமை இறைச்சியும் முட்டையும் மருந்து என்கிறார்களே?

ஆண்மை பெருக்கும், நோய் தீர்க்கும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆபத்துக்கு ஆதாரம் உண்டு. சில வேளைகளில் கடலாமை இறைச்சியில் சேரும் நச்சு சமைத்தாலும் போவதில்லை. மாற்று மருந்தும் கிடையாது. 2024 மார்ச்சில் சான்சிபாரைச் சேர்ந்த பெம்பா தீவில் ஆமை இறைச்சி உண்ட எட்டுக் குழந்தைகளும் ஒரு பெண்ணும் இறந்தார்கள். இதை மிரட்டலாக அல்லாமல், தாய்மார்களிடம் நேரில் அமர்ந்து சொல்ல வேண்டிய செய்தியாக எண்ணுகிறோம்.

எங்கள் முயற்சிக்குப் பலன் தெரிய எத்தனை ஆண்டுகள் ஆகும்?

பத்து ஆண்டுகளுக்குக் குறைவாக எதிர்பார்க்காதீர்கள். பேராமை என்றால் இருபது, முப்பது. ஒரு பெண் ஆமை ஒரே பருவத்தில் பல முறை முட்டையிடும், பிறகு ஓரிரு ஆண்டுகள் வராமலும் இருக்கும். அதனால் ஓர் ஆண்டின் எண்ணிக்கை கூடியதைக் கொண்டாடவும் வேண்டாம், குறைந்ததற்குக் கலங்கவும் வேண்டாம். ஐந்தாண்டு, பத்தாண்டுச் சராசரியைப் பாருங்கள்.

கெம்ப் ஆமையின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மெக்சிகோவின் ராஞ்சோ நுவேவோ கரையில் 1947-இல் ஒரே நாளில் சுமார் 40,000 பெண் ஆமைகள் ஏறியதாக ஒரு படச்சுருளை வைத்து மதிப்பிட்டார்கள். 1985-இல் ஒரு பருவம் முழுவதற்கும் 702 குழிகள்தான். 1966 முதலே அந்தக் கரைக்குக் காவல் இருந்தும் இந்த நிலை. கரைக் காவலோடு வலைகளில் ஆமை தப்பிக்கும் கருவியும் சேர்ந்த பிறகு எண்ணிக்கை ஏறி, 2009-இல் 20,000 குழிகளைத் தாண்டியது. 2010-இல் மீண்டும் சரிந்தது. முன்பிருந்த வேகத்தில் பிறகு ஏறவில்லை. காவலை நிறுத்தலாம் என்ற கட்டம் இன்னும் வரவில்லை.

கரை ஒதுங்கிய ஆமையின் துடுப்பில் எண் பொறித்த உலோக வில்லை இருந்தது. என்ன செய்வது?

உயிரோடு இருந்தால் வில்லையைக் கழற்றாதீர்கள். எண்ணையும், வில்லையின் பின்புறம் எழுதியிருக்கும் முகவரியையும் படம் எடுங்கள். நாள், இடம், ஓட்டின் நீளம், ஆமையின் நிலை ஆகியவற்றைக் குறித்து அந்த முகவரிக்கோ அருகிலுள்ள வனத்துறை அல்லது மீன்வள அலுவலகத்துக்கோ அனுப்புங்கள். சோர்ந்து ஒதுங்கிய ஆமையைக் கடலுக்குள் திரும்பத் தள்ள வேண்டாம்; நிழலில் வைத்து உதவி வரும் வரை காத்திருங்கள். இறந்த ஆமையாக இருந்தாலும் தகவல் பயனுள்ளதே. அதே எண்ணை வேறொரு நாட்டின் கரையில் பல ஆண்டுகளுக்கு முன் யாரோ பதிவு செய்திருப்பார்கள். இரண்டு பதிவுகளும் சேர்ந்தால்தான் ஆமை எங்கிருந்து வந்தது, எத்தனை காலம் வாழ்ந்தது என்பது தெரியவரும்.